தாண்டலாமோ என்று கேட்கப் போனவன்

சிறையிலிருந்து வந்த பிறகு தர்சிகன் தெருவைக் கடக்கும் விதமே மாறிப்போயிருந்தது. விளக்குப் பச்சையாகும், பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள், அவன் மட்டும் நடைபாதை விளிம்பிலேயே நிற்பான். அக்கா தவமலர் "வா" என்றால் உடனே வருவான். பராக்குப் பார்க்கிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒருநாள் லண்டன் மனோர் பார்க் ஸ்டேசனுக்கு முன்னால், அவள் ஒரு கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்க, விளக்குத் திரும்பத் திரும்ப மாறியும் அவன் அசையவில்லை. அன்றைக்குத்தான் இது பராக்கு இல்லை என்று அவளுக்கு விளங்கியது.

தாய் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். பிளேஸ்டோவில் உடுப்புத் திருத்தும் கடையில் வேலை. மடிப்பு ஒரு நூல் விலகினாலும் பிரித்துத் திரும்பத் தைப்பாள். பெற்றோல் ஸ்டேசனில் வேலைக்கு நின்ற தம்பி, ஆட்களின் வங்கி அட்டைகளைக் களவாய்ப் படியெடுக்கிற கருவியை வைக்க இடம் கொடுத்து மாட்டுப்பட்டபோது, அவள் ஊருக்கு ஒரு கதை, உறவுக்கு ஒரு கதை சொல்லவில்லை. பிழை செய்தான், உள்ளே இருக்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நேராகவே சொன்னாள்.

தண்டனையின் கடைசிக் காலத்தில் அவனைத் திறந்த சிறைக்கு மாற்றினார்கள். பகலில் வெளியே வேலை. லண்டனுக்குத் தெற்கே ஒரு பெரிய புதர்வெளியில், ஒரு கொம்பனிக்காகப் பற்றை வெட்டவேண்டும். அந்த வருடம் வெக்கை தாங்காமல் புல்லெல்லாம் செத்தலாகி, வெளி அடிக்கடி தீப்பிடித்தது. நீண்ட பிடியில் ரப்பர் தட்டுப் பூட்டிய அடிப்பான்களைக் கைதிகளிடம் கொடுத்து நெருப்பை அடிக்கவிட்டார்கள். "அக்கா, இண்டைக்கு நாங்கள் நெருப்பு அணைச்சனாங்கள்" என்று அவன் போனில் சொன்னதை அவள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பார்க்கப் போனபோதுதான் மற்றது தெரிந்தது. கொம்பனி ஆட்களுக்குத் தடித்த கோட்டும் புகைக்கவசமும் இருந்தன. கைதிகள் நனைத்த பெனியனை முகத்தில் கட்டிக்கொண்டார்கள். ஏன் கேட்கவில்லை என்றதற்குத் தம்பி சிரித்தான்.

"நாங்கள் எரிவமோ எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்லை அக்கா. ஓடுவமோ எண்டுதான் பாக்கிறது."

வெளியின் ஓரத்தில் ஒரு மணல் பாதை. சிறையின் அனுமதி இல்லாமல் அதைத் தாண்டினால் தப்பியோடியதாகவே கணக்கு. திரும்ப மூடிய சிறைதான். அவனோடு வேலை செய்த பீற்றர், லண்டன் சட்டன் பக்கமிருந்து வந்த மன்னார்ப் பெடியன், அந்தப் பாதைக்குக் கிட்டவும் போகமாட்டான். அடுத்த மாதம் அவனுக்கு விடுதலை. ஒரு பின்னேரம் காற்றுத் திரும்பி, நெருப்பு அவர்கள் பக்கம் வந்தது. தர்சிகன் பாதையைத் தாண்டினான். பீற்றர் தாண்டவில்லை. பீற்றரைப் புதைத்த கிழமையே, எல்லை தாண்டிய குற்றத்துக்காகத் தர்சிகனை மூடிய சிறைக்கு அனுப்பினார்கள். தவமலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இந்த வருடம் பீற்றரின் மரண விசாரணைக்குத் தர்சிகனைச் சாட்சியாக அழைத்தார்கள். அன்று இருவரையும் பாதையைத் தாண்டி வரச்சொல்லிக் கூப்பிட்டதாகவும், பீற்றர்தான் கேட்கவில்லை என்றும் கொம்பனி மேற்பார்வையாளர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தார். தம்பி இன்னும் நிபந்தனையில்தான் வெளியே இருந்தான். வாயைக் கொடுத்து மறுபடி உள்ளே போகவேண்டாம், நினைவில்லை என்று சொல்லட்டும் என்றார் தவமலரின் கணவர் ஞானேஸ்வரன். அவளுக்கும் அது சரியாகவே பட்டது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, பீற்றரின் தாய் டொலறஸ் வீடு தேடி வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. தர்சிகனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"கோயிலில எல்லாரும் கதைக்கினம், தம்பி. என்ர பிள்ளை சொல்வழி கேக்காமலோ செத்தவன்?"

தர்சிகன் எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டான். அவர் போகும்வரைக்கும் உள்ளே வரவில்லை. தவமலர் தேடிப் போனபோது உடுப்புக் காயும் கொடிக்குக் கீழே குந்தியிருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ இறைச்சி வாட்டினார்கள். புகை வேலிக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. அவன் மூக்கைப் பொத்தவில்லை, எழும்பவும் இல்லை.

"சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிடேல்லை அக்கா," என்றான். "பீற்றர்தான் என்னைப் போய்க் கேக்கச் சொன்னவன். தாண்டலாமோ எண்டு கேட்டுக்கொண்டு வா எண்டவன். நான் பாதையைத் தாண்டி, பிக்கப்போட நிண்ட அவரிட்ட ஓடிப்போய்க் கேட்டன். ஜெயிலுக்குப் போன் அடிச்சுக் கேக்கிறன், நில் எண்டார். அங்க ஒருத்தரும் போனை எடுக்கேல்லை. திரும்ப அடிச்சார்."

"நீ என்ன செய்தனி?"

"நிண்டனான். நில் எண்டவர்தானே. பீற்றர் அங்கால நிண்டு என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தவன். வா எண்டு ஒரு சொல் நான் கத்தியிருக்கலாம். இப்பவும் அவன் என்னைத்தான் பாக்கிறான். போகலாமோ எண்டு கேக்கிறான்."

தவமலர் அவன் பக்கத்தில் குந்தினாள். நினைவில்லை என்று சொல்லு என்று அவனிடம் சொல்ல வைத்திருந்த வார்த்தையை அவள் எடுக்கவேயில்லை.

விசாரணை நாளுக்கு அவனுடைய வெள்ளைச் சேர்ட்டை அவளே மினுக்கிக் கொடுத்தாள். விசாரணை அதிகாரி கேட்கக் கேட்க அவன் ஒன்றையும் விடாமல் சொன்னான். பீற்றர் கேட்கச் சொன்னது, மேற்பார்வையாளர் போன் அடித்தது, தான் கொம்பனியின் பிக்கப் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றது. எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அனுமதிக்கு என்றான். நெருப்பு அப்போது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்டார். பீற்றரின் முகம் தெரிகிற தூரத்தில் என்றான். மேற்பார்வையாளர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்த்தி நின்று தம்பி சொல்வதைக் கேட்க, அவன் முதன்முதல் நெருப்பு அணைத்த அன்று இருந்ததைவிடப் பெரிய பெருமை தவமலருக்கு நெஞ்சில் முட்டியது. அதோடு பயமும்.

வெளியே வந்தபோது டொலறஸ் நீள வாங்கில் தனியே உட்கார்ந்திருந்தார். தவமலர் கிட்டப் போனாள்.

"அப்ப என்ர பிள்ளை சொன்னபடிதான் நிண்டவன்," என்றார் டொலறஸ்.

"ஓம் அன்ரி."

டொலறஸ் தூரத்தில் நின்ற தர்சிகனைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கோ, பிள்ளை. இண்டைக்கு அவரோட கதைக்க எனக்கு ஏலாது. வேற நாள் வரச் சொல்லுங்கோ."

தவமலர் அதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல் தம்பியிடம் சொன்னாள். வேறு நாள் என்றால் எப்போது என்று அவன் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை.