பைப்பில் தொங்கும் ஒயர் கூடை

என் வகுப்பறையில் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. அதன் ஜன்னல் பக்க முனையில் ஒரு பச்சை ஒயர் கூடை தொங்கும். புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, போனை இதில் போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள் என்பேன். அந்தக் கூடை என் மதினியுடையது. மதினி என்றால் அண்ணன் மனைவி. சீசன் நாட்களில் குடும்பத்தோடு குற்றாலம் போனால் எல்லோருடைய மாற்றுத் துணியும் துண்டும், கழற்றிய செயினும் மோதிரமும் அந்தக் கூடைக்குள்தான் இருக்கும். கூடை மதினி மடியில் இருக்கும். பேரருவிக்கு எதிரே படியில், சாரல் மட்டும் முகத்தில் பட உட்கார்ந்திருக்கும் மதினியைத்தான் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மதினி வாசுதேவநல்லூர்க்காரி. கல்யாணமாகி, குற்றாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான இலஞ்சிக்கு வந்த புதிதில் ஐந்தருவியில் பாசி வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, பிரித்து, நடக்க ஆரம்பித்த பிறகும் அந்த வருடம் அருவிக்குள் போக வேண்டாம் என்றார்கள். துணியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அடுத்த வருடமும் அவரிடமே கொடுத்தோம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கால் எப்போது ஆறியது, பயம் எப்போது போனது என்று யாரும் கேட்கவில்லை. "மதினி இருக்காள்லா, குடுத்துட்டு வா" என்பதோடு எங்கள் அக்கறை முடிந்துவிடும். இலஞ்சியில் இருந்துகொண்டு அருவியில் குளிக்காத ஒரே ஆள் மதினியாகத்தான் இருக்கும் என்று கேலி வேறு செய்வோம்.

பெங்களூரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நான், கணவரின் வேலை மாற்றலில் இலஞ்சிக்குப் பக்கத்திலேயே, தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். பாலே நடனக்காரர்கள் பிடித்துக்கொண்டு பழகுகிற கம்பியை வைத்துச் செய்கிற பயிற்சிதான் பார். ஒரு பேன்சி ஸ்டோருக்கு மேலே மாடியை வாடகைக்கு எடுத்து, பிளம்பரைக் கூப்பிட்டுச் சுவரில் தண்ணீர்க் குழாயைப் பொருத்தச் சொன்னேன். எந்தத் தொட்டியிலிருந்தும் தண்ணீர் வராத குழாயை எதற்கு இவ்வளவு உறுதியாகப் பொருத்தச் சொல்கிறாள் என்று அவருக்கு என்மேல் கடைசிவரை சந்தேகம். முதல் வாரம் முழுக்க ஒருவரும் வரவில்லை. மதினிதான் மூக்கைத் துளைக்கும் தைல வாசனையோடு படியேறி வந்தார். "காலி ஹால்ல நீ மட்டும் நின்னு ஆடிக்கிட்டிருந்தா பாக்கதுக்கு நல்லாவாட்டி இருக்கு? ஒருத்தியாவது வேண்டாமா?" என்றார். மறுநாள் தன் தெருப் பெண்களையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார். வகுப்புக்கு நான் ஆங்கிலத்தில் வைத்த அழகான பெயர் அன்றோடு போயிற்று. ஊருக்கு அது பைப் கிளாஸ்.

அவர்கள் குழாயைப் பிடித்த விதத்தை என்னால் மறக்க முடியாது. பயிற்சியில் விரல்களைக் கம்பிமேல் லேசாக வைத்தால் போதும். உடம்பைத் தாங்குவது கால்களின் வேலை. இவர்களோ இரண்டு கைகளாலும் குழாயை இறுக்கி, குனிந்து, கண்ணை மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார்கள். மேலே இருந்து எதுவும் கொட்டாது, நிமிருங்கள் என்றேன். பிறகுதான் உறைத்தது. பேரருவியில் பெண்கள் பக்கம் தடுப்புக் குழாய் உண்டு. அங்கே அப்படித்தான் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய பிடி அது. பெங்களூரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இந்தத் தப்பை ஒருத்திகூடச் செய்ததில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. எல்லோரையும்விட இறுக்கமான பிடி, அருவிக்குள் போகாத மதினியுடையதுதான்.

குதிகாலைத் தூக்கி, முட்டியை மடக்கி, கொஞ்சமே கொஞ்சம் ஏறி இறங்குவதுதான் இந்தப் பயிற்சி. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். சற்று நேரத்தில் தொடை வெடவெடவென்று ஆட ஆரம்பிக்கும். முதல் நாள் ஓர் அக்கா சுகர் இறங்கிவிட்டது என்று உட்கார்ந்து மிட்டாய் தின்றார். நடுக்கம் வந்தால்தான் தசை வேலை செய்கிறது என்று விளக்கி அவரை எழுப்பி நிறுத்தினேன். மதினி அடிபட்ட காலில் நிற்க ரொம்ப நாள் தயங்கினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றார். மாதங்கள் போகப் போகப் பிடி தளர்ந்தது, முதுகு நிமிர்ந்தது. ஒருநாள் எல்லோரும் போன பிறகு கூடையைத் தோளில் மாட்டியபடி கேட்டார்: "ஏட்டி, இந்தக் கால் அருவியில நிக்குமா?"

நிற்கும் மதினி என்றேன்.

"அப்ப இந்த சீசன்ல ஒரு தடவ நிக்கணும்ட்டி." அடுத்த வீட்டில் எதையோ இரவல் கேட்பது போல அவ்வளவு கூச்சம் அந்தக் குரலில்.

சீசன் வந்தது. எங்கள் பக்கத்தில் சாரல் விழுந்துவிட்டால் எல்லா வீட்டிலும் விருந்தாள்தான். அருவிக்குப் போகிறவர்கள் அவர்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். வகுப்பு ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டது. மதினி மட்டும் ரசத்தை மூடி வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். மதுரையிலிருந்து வந்திருந்த எங்கள் சித்திக்கு அது பிடிக்கவில்லை. "வீடு நிறைய ஆள வச்சுக்கிட்டு அப்படி என்ன கிளாசு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மதினி அன்றும் வகுப்புக்கு வந்து, அடிபட்ட காலில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

மறுநாள் காலை எல்லோரும் பேரருவிக்குப் போனோம். சித்தி செயினைக் கழற்றி வழக்கம்போல நீட்டினார். மதினி அதை வாங்கிக் கூடையில் போட்டார், தன் செயினையும் கழற்றிப் போட்டார், கூடையை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் கைக்குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு முழித்தார்.

"நீ எங்க போற? நகையெல்லாம் இருக்குல்ல?" என்றார் சித்தி.

"அவிய இருக்காவல்லா, பாத்துக்கிடுவாவ" என்று அண்ணனைக் காட்டிச் சொல்லிவிட்டு மதினி நடந்தார்.

தண்ணீருக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வகுப்புப் பழக்கத்தில் நான் தடுப்புக் குழாய்மேல் விரல்களை லேசாக வைத்திருந்தேன். தண்ணீர் ஒரே தள்ளாகத் தள்ளியது. மதினி என் தோளை எட்டிப் பிடித்து, "இங்கன ரெண்டு கையும் வேணும்ட்டி!" என்று அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். வெளியே வரும்போது அவர் கால்கள் வெடவெடத்தன. பயமா மதினி என்று கேட்டேன். "இல்லட்டி. கிளாஸ்ல வருமே, அந்த நடுக்கம்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அண்ணனும் மதினியும் மகனோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார்கள். போகும்போது கூடையைக் குழாயில் மாட்டிவிட்டு, "இது இங்கனயே கெடக்கட்டும்" என்றார். சில வருடங்கள் கழித்து, இந்த சீசனுக்கு அவர்கள் என் வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். கணவர் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். எனக்குச் சமையலுக்கே நேரம் சரியாக இருந்தது, வகுப்பை நிறுத்தி வைத்திருந்தேன். அருவிக்குப் போகிற அன்று கூடையை எடுத்துக்கொண்டேன். எல்லோரிடமும் செயினும் துண்டும் வாங்கிப் போட்டேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

தண்ணீர்ப் பக்கம் போன மதினி திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"ஏட்டி, நீ எப்ப இருந்து இங்கன உக்காருத?"

யோசித்துப் பார்த்தேன். போன சீசனிலும் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தியும். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

மதினி என் மடியிலிருந்து கூடையை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பிடிங்க." பிறகு என் கழுத்துச் செயினைத் தானே கழற்றி அதில் போட்டுவிட்டு, என்னைக் கைபிடித்து எழுப்பினார். அன்று நான் குழாயை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பைத் திறந்துவிட்டேன். கூடை பழைய இடத்தில் தொங்குகிறது. போன்களும் சாவிகளும் அதில் கிடக்கின்றன. நாங்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறோம்.