நெருப்பில் குளிர்ந்த பெட்டி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் நெருப்பு எரியும். பின்பக்கமாகக் குனிந்து பார்த்தால் தகரக் குழாயின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலச் சுடர் அசையாமல் நிற்பது தெரியும்; குழாயின் மேல்வாயில் கையை நீட்டினால் உள்ளங்கையில் அனல் மோதும்; அதே கையால் முன்பக்கக் கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் வந்து படியும். உறுமல் கிடையாது, நடுக்கம் கிடையாது. முதல்முறை வருகிறவர்கள் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இது ஓடுதுங்களா, நிக்குதுங்களா?" என்பார்கள். "ஓடறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லீங்க, எரியறது மட்டுந்தான்" என்பாள் அம்மா.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் பத்தாண்டில், திருப்பூரில் பனியன் கம்பெனிகள் விடிய விடிய வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்த காலத்தில், அவிநாசிக்கு வடக்கே எங்கள் "சாளை"யில், அதாவது விவசாயக் காட்டுக்குள் தனியாகக் கட்டிய சின்ன வீட்டில், மின்சாரம் கிடையாது. காரணம் பெரியப்பா. பாகம் பிரித்தபோது ரோட்டோரக் காடு அவருக்கும் உட்காடு எங்களுக்கும் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எத்தனை முறை என்ற பேச்சில் அப்பா ஏதோ வார்த்தையை விட்டுவிட, "என் காட்டு மேல ஒரு கம்பி போகப்படாது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். கம்பம் நடுவதற்கு வேறு வழியே இல்லை. அண்ணனும் தம்பியும் எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அப்பா தன் செல்போனை அங்கேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வருவார். வீட்டில் சீமெண்ணெய் விளக்குதான்.

அந்த நிலையில்தான் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு வருகிற நோய் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது, "சின்னப் புள்ளைக்கு எப்படீங்க சர்க்கரை?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அம்மா அலுத்துப்போனாள். தினமும் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மருந்தை வெயிலில் வைக்கக் கூடாது, கெட்டுவிடும். அவிநாசிக் கடைகளில் அது எப்போதும் கிடைக்காது என்பதால் கோயம்புத்தூருக்குப் போய் நான்கைந்து புட்டிகளாக வாங்கி வருவோம். மணலை நனைத்து, அதில் மண்சட்டி புதைத்து, அதற்குள் அம்மா புட்டிகளை வைத்திருந்தாள். "எடுத்துப் போடுற பாட்டில் சட்டியில இருக்கட்டும், பரவாயில்ல, மிச்சத்துக்கு நெஜமான குளிர் வேணும். இந்த சித்திரை வெயிலுக்குத் தாங்காது" என்றார் டாக்டர்.

அம்மாவின் தம்பி, என் மாமன், மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவை இடிக்கும்போது வெளியே தூக்கிப் போட்டிருந்த பெட்டியை அவர்தான் பார்த்தார். கரண்டே இல்லாத காலத்தில் துரைமார் வைத்திருந்த கேஸ் ஃபிரிட்ஜ். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். "அக்கா, எரியுமா எரியாதான்னு எனக்குத் தெரியாது. உன் கை ராசி" என்றார்.

எரிந்தது. ஆனால் குளிரவில்லை. ஒரு நாள் முழுக்க எரிந்தும் உள்ளே வைத்த சொம்புத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. அப்பா, "பழைய இரும்புக்குப் போட்டரலாமா?" என்று மெல்லக் கேட்டார். மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்த அம்மா, வீட்டுக்குத் திரும்பாமல் மதிய இடைவேளை வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, எங்கள் அறிவியல் டீச்சரைப் பிடித்துவிட்டாள். டீச்சருக்கு நாகர்கோவில் பக்கம் ஊர். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்து, "ஊசி போடுததுக்கு முன்னால ஸ்பிரிட் வச்சித் தொடைப்பாங்கல்லா, அப்போ எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"சில்லுனு இருக்குங்க டீச்சர்."

"ஏன்? ஸ்பிரிட் ஆவியாப் போவும்போது உன் தோல்ல உள்ள சூட்டையும் எடுத்துட்டுப் போவுது. இந்தப் பெட்டியிலயும் அதுதான் நடக்கு. உள்ள தண்ணியில அமோனியா கரைஞ்சு கெடக்கும். தீச்சூட்டுல அமோனியா மட்டும் ஆவியாப் பிரிஞ்சு மேல போவும். பின்னால இருக்க குழாய்ல சூடு ஆறித் திரவமாவும். அது பெட்டிக்குள்ள இறங்கி மறுபடி ஆவியாவும்போது அங்க உள்ள சூட்டை எடுத்துக்கிடும். பொறவு தண்ணியிலயே போய்க் கரைஞ்சிரும். திரும்பவும் தீ, திரும்பவும் ஆவி. மோட்டார் கெடையாது. தள்ளிவிட ஆள் கெடையாது. எல்லாம் தானா ஏறணும், தானா இறங்கணும்."

"தானா இறங்கோணும்னா, பெட்டி சாஞ்சு நின்னா?" என்றாள் அம்மா.

டீச்சர் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். "சாஞ்சிருந்தா ஒரு பக்கம் தேங்கிரும். ஓட்டம் நின்னுரும். படுக்கப்போட்டா கொண்டு வந்தீங்க? அப்போ நேரா நிறுத்தி, பத்த வைக்காம ஒரு நாள் விட்டுப் பாருங்க."

எங்கள் வீட்டுத் தரை மண்தரை. அம்மா அடுப்பங்கரை மூலையில் செங்கல் பரப்பி, சாந்து பூசி ஒரு மேடை போட்டாள். அது காய்ந்த பிறகு அப்பாவும் மாமனும் பெட்டியை அதன்மேல் தூக்கி நிறுத்தினார்கள். பெட்டியின் தலையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்துத் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கக் காலுக்கடியில் ஓட்டுச் சில்லைச் செருகிச் செருகி, எந்தப் பக்கமும் வழியாமல் தண்ணீர் விளிம்பில் நிற்கும்வரை அவள் விடவே இல்லை. காற்றோட்டத்துக்காகப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. சமையலுக்கு இருந்த சிலிண்டர் வெளிச்சுவரோரம், தகரக் கூரைக்குக் கீழே. ரப்பர் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். ஒரு நாள் சும்மா விட்டு அதற்கடுத்த நாள் பற்றவைத்தாள். மறுநாள் காலையில் சொம்பைத் தொட்ட என் கை விறைத்துப்போனது. அப்பா அந்தத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டுப் பல் கூசச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேஸ் என்பது மருந்துக்கு மட்டுமே என்றாகிவிட்டது. சிலிண்டர் பதிந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சோறும் குழம்பும் தென்னை மட்டையிலும் கருவேல விறகிலும் வெந்தன. புகையில் இருமிக்கொண்டே அம்மா சமைப்பாள்; பக்கத்தில் நீலச் சுடர் புகையே இல்லாமல் எரிந்துகொண்டிருக்கும். மழைச்சாரல் அடித்தாலும் காற்றோட்டத்துக்காக அடுப்பங்கரை ஜன்னலை மூட விடமாட்டாள். மாதம் ஒருமுறை கேஸை அடைத்து, சூடு ஆறிய பிறகு, புட்டி கழுவும் பிரஷ்ஷை நீளக் கம்பியில் கட்டிக் குழாயில் விட்டுக் கரியை இறக்குவாள். பர்னரின் நுண்ணிய துளையை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும், அப்பா ஒருமுறை ஊக்கு எடுத்துக்கொண்டு வந்தபோது, "ஓட்டை பெருசாயிருமுங்க, அப்புறம் தீ மஞ்சளா எரியும், கரி அண்டிக்கும். ஊக்கைக் கீழ வையுங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். ஐஸ் கேட்டு நான் அழுதிருக்கிறேன். கிடைத்ததில்லை. அடிக்கடி திறந்தால் குளிர் போய்விடும், கதவு புதுப் புட்டி எடுக்கும்போது மட்டுமே திறக்கும்.

அந்தக் கோடையை அப்படித் தாண்டினோம். பிறகு மழைக்காலம். பிறகு மார்கழி. அந்த மார்கழியில் எங்கள் பக்கம் பனி அதிகம். விடிந்து வெகுநேரம் ஆகியும் தென்னைகள் தெரியாது. வெயில் காலத்தில் கடைசி வரை திருகிவைத்த, தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அப்படியே இருந்தது. வெளியே குளிர்ந்தால் உள்ளே இன்னும் அதிகமாகக் குளிரும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காலையில் புதுப் புட்டியை எடுத்த அம்மா, அதில் மெல்லியதாக ஐஸ் கட்டியிருப்பதைப் பார்த்தாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். உருகிப் பழையபடி பால்போல ஆனது. ஊசியில் ஏற்றிப் போட்டாள்.

இரண்டொரு நாளில் எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடிக்கக் குடிக்க அடங்காத தாகம். பிறகு வாந்தி. பிறகு மூச்சு, ஓடி வந்தவளைப்போல. வயிற்றைச் சுருட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்த என் முகத்தருகே குனிந்த அம்மா, என் மூச்சில் அழுகிய பழ வாடை அடிக்கிறது என்றாள். அப்பா கம்பெனிக்குப் போயிருந்தார். அவரைக் கூப்பிட வீட்டில் போன் இல்லை. பஸ் பிடிக்க ரோட்டுக்குப் போய்க் காத்திருக்க நேரமும் இல்லை.

அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டாள். மருந்துப் புட்டியை ஈரத்துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வரப்பைத் தாண்டி, யாரும் மிதிக்காமல் புல் மூடிப்போயிருந்த தடத்தில், பெரியப்பாவின் வீட்டை நோக்கி நடந்தாள். பெரியப்பா வாசலில் வெங்காயத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆம்னி வேன் நின்றது.

அம்மா அவரை உறவு சொல்லி அழைக்கவில்லை. "ஏனுங்க, வண்டிச் சாவியை எடுங்க. புள்ளைக்கு மூச்சு வாங்குது" என்றாள். கேட்டதுபோலவே இல்லை, சொன்னதுபோலத்தான் இருந்தது. பெரியப்பா எங்களைப் பார்த்தார். வெங்காயச் சருகு ஒட்டிய கையோடு உள்ளே ஓடினார். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் கண் விழித்தபோது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் அந்தப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியின் உட்புறத்தில் பொடிப் பொடியாக வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தன. "ஒரு தடவை உறைஞ்சா போச்சும்மா. உருகினாலும் இன்சுலின் வேலை செய்யாது. வெயில்ல கெடுறதைவிட இது சீக்கிரம் கெடும்" என்றார். அந்தப் பெட்டியை நிற்கவைக்க அம்மா பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும். இப்போது அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கதவோரம் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்தாள்.

"எவ்வளவு குளிர் வேணும், எவ்வளவு ஆகாதுன்னு சரியாச் சொல்லுங்க சார்" என்றாள். "நான் வெச்சுக் காட்டறேன்."

இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள், என்றார் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே அம்மா ஒரு தெர்மாமீட்டர் வாங்கினாள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், தெர்மாமீட்டர் அதற்குள். புட்டிகள் பனியன் துணி சுற்றிய டிபன் டப்பாவில், மேலே இருக்கும் பனித்தகட்டுக்கு எட்டாமல், கீழ்த்தட்டில். பனி விழுந்தால் குமிழ் ஒரு சுற்றுக் குறையும், வெயில் ஏறினால் ஒரு சுற்றுக் கூடும். குறையாத ஒன்று அவள் கண்காணிப்பு. அதற்குப் பிறகு ஒரு புட்டிகூட வீணாகவில்லை.

நான் வீடு திரும்பிய சில நாளில் பெரியப்பா வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை. நேராக அடுப்பங்கரைக்குப் போய், பெட்டியின் பின்னால் குனிந்து, அந்தச் சுடரை வெகுநேரம் பார்த்தார். விறகடுப்பையும் பார்த்தார். கரி படிந்த சுவரையும். பிறகு வெளியே வந்து அப்பாவிடம் பேசாமல் அம்மாவிடம், "லைன்மேனைக் கூட்டியாரேன். கம்பம் எங்க நடோணும்னு நீயே நின்னு காட்டு அம்மிணி" என்றார்.

"வரட்டுங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள் அம்மா. பிறகு, ஒரு எச்சரிக்கைபோலச் சேர்த்துக்கொண்டாள்: "கரண்டு வந்தாலும் இதை அணைக்க மாட்டனுங்க."

அணைக்கவில்லை. கம்பம் நட்டு, மின்சாரம் வந்து, எங்கள் வீட்டில் பல்பு எரிந்து கொஞ்ச காலத்திலேயே ஊரெங்கும் மின்வெட்டு தொடங்கிவிட்டது. ஜெனரேட்டர் இல்லாத கம்பெனிகள் இருட்டில் உட்கார்ந்திருந்தன. கரண்டு போன நேரங்களில் பெரியம்மா பால் பாத்திரத்தையும் தோசை மாவையும் தூக்கிக்கொண்டு வருவார். "மருந்துக்கு மட்டுந்தானுங்க அக்கா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாள் அம்மா. அப்படியே திரும்பிப் போகும் அவரிடம் பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அங்க போகாதேன்னு சொன்னனில்ல" என்பார்.

இப்போது அந்தக் காடு இல்லை. ரோட்டோரத்தில் ஒரு நூல் குடோன், உள்ளே லாரிகள் திரும்ப சிமெண்ட் தளம். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சாளையை இடித்தாகிவிட்டது, நாங்கள் திருப்பூரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் மருந்து இப்போது பேனா வடிவில் வருகிறது.

வீட்டை இடிக்கும்போது பழைய இரும்புக்காரர் பெட்டியை அறுக்க வெட்டுக் கருவியோடு வந்தார். "அதுக்குள்ள அமோனியா இருக்குதுங்க, குழாய்ல கை வெச்சுறாதீங்க" என்று அம்மா குறுக்கே நின்றுவிட்டாள். நான் பரிசோதனைக்குப் போகும் ஆஸ்பத்திரியின் நர்ஸ் மூலம், அமராவதி நகருக்கு மேலே, மலையில் கரண்டு போகாத ஒரு குடியிருப்பில், என்னைப் போலவே ஒரு சிறுமி ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று அம்மா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். பெட்டியை இந்த முறை படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவளே போனாள். முட்டிவலியோடு அந்த மலையில் தங்கி, கல் அடுக்கி மேடை கட்டி, குளிர் நிலைத்த பிறகுதான் இறங்கி வந்தாள்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்டேன். "குளிர வைக்கிறது அப்புறம் கண்ணு" என்றாள். "உறைய விடாம பாத்துக்கறதத்தான் அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு மொதல்ல சொன்னேன்."