வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

ஆவி, பேய் என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், கல்லூரியை முடித்த முதல் ஆள் இரண்டுமே நான்தான், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்காணிப்புக் கேமராக்களுக்கான லென்ஸ்களைச் சோதிக்கிற வேலை. எந்த லென்ஸ் எவ்வளவு அகலம் பார்க்கும் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அதுவும் இது ராத்திரியில்கூட நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பருத்திப்பட்டு வீட்டில், கறிக்குழம்பு வாசனை அடங்குவதற்குள் நடந்தது.

அப்பாவின் கேமராவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாத காலத்தில் அப்பா பூந்தமல்லியில் ஒரு போட்டோகிராபருக்கு லைட் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். அந்த மனுஷன் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகும்போது பழைய ஃபிலிம் கேமரா ஒன்றையும் இரண்டு லென்ஸ்களையும் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அப்பா கடைசிவரை ஷேர் ஆட்டோதான் ஓட்டினார் என்றாலும் அந்தக் கேமராவை மட்டும் விடவில்லை.

அந்தக் கேமராவில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்க்க மாட்டீர்கள். மேலே மூலையில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்தால் காட்சிக்கு நடுவே வெள்ளைக் கோட்டில் ஒரு சட்டம் மிதக்கும். கோட்டுக்குள் இருப்பது மட்டும்தான் படத்தில் விழும். வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் படத்தில் வராது. இரண்டு லென்ஸ்களில் ஒன்றில் ஐம்பது என்றும் மற்றதில் முப்பத்தைந்து என்றும் நம்பர் போட்டிருக்கும். ஐம்பதை மாட்டினால் சட்டம் சின்னதாக இருக்கும். முப்பத்தைந்தை மாட்டினால் அதுவே தானாக விரிந்துகொள்ளும், ஏனென்றால் முப்பத்தைந்துக்கு அகலம் அதிகம். சின்ன வயதில் அப்பா லென்ஸை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இன்னா போட்டுகீது, படிச்சி சொல்லு" என்பார். நான் எழுத்துக்கூட்டி நம்பரைப் படித்ததும் மாட்டுவார். அவருக்கு அந்த நம்பர் தெரியாமல் இல்லை, நான் படிப்பதைக் கேட்கத்தான் கேட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் உண்டு. அதைத் தள்ளினால் லென்ஸை மாற்றாமலே சட்டம் மட்டும் விரியும், முப்பத்தைந்து போட்டால் என்னவெல்லாம் விழும் என்று பார்த்துக்கொள்ளலாம். விரலை எடுத்தால் பழையபடி சுருங்கிவிடும். லீவரால் படம் மாறாது, கோடு மட்டும்தான் மாறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் படம் எடுக்கும்போதெல்லாம் அப்பா முதலில் ஐம்பதில் பார்ப்பார், அப்புறம் அந்த லீவரைத் தள்ளிப் பார்ப்பார், பார்த்துவிட்டு, "இதுலதான்டி எனக்கும் எடம் கீது" என்று முப்பத்தைந்தை எடுத்து மாட்டுவார். அதனால் எங்கள் வீட்டுப் படங்களில் அம்மா எப்போதும் ஒரு ஓரமாக இருப்பாள், அவள் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். வண்டலூர் போனாலும் அப்படித்தான், வேளாங்கண்ணி போனாலும் அப்படித்தான்.

"வந்து குந்தேன்யா, பவி எடுப்பா" என்று என்னைக் காட்டுவாள் அம்மா.

"அடுத்த வாட்டி குந்துறேன்" என்பார் அப்பா.

அந்த அடுத்த வாட்டி வரவேயில்லை. போன வருடம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எங்களில் அடக்கம் செய்வதுதான் வழக்கம், போகிறவருக்குப் பிடித்த பொருள் ஒன்றைக் கூடவே வைத்து அனுப்புவார்கள். வெற்றிலைப் பொட்டலம் வைப்பார்கள், பீடிக்கட்டு வைப்பார்கள். அம்மா உள்ளே போய் முப்பத்தைந்து லென்ஸை எடுத்துவந்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். "எடம் கீது, எடம் கீதுன்னு இத்த வச்சினுதான சொல்லிகினு இருந்த, நீயே எடுத்துனு போ" என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அந்தச் சட்டையோடுதான் மண்ணுக்குள் வைத்தோம். கடைசிப் பிடி மண் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

வருடத் திதி நெருங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தார்கள், சுவரில் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றை மாட்டு என்று. எங்களிடம் அப்படி ஒரு படமே கிடையாது. கல்யாணப் படமும் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருடம் ஊறிப்போயிருந்தது. பூந்தமல்லி ஸ்டூடியோவில் விசாரித்தேன். "அம்மா போட்டோவ குடுங்க மேடம், அப்பாவ பக்கத்துல உக்கார வச்சிடலாம், ஒட்டே தெரியாது" என்றார் கடைக்காரர்.

அம்மா சம்மதிக்கவில்லை. "உசுரோட கீறப்பவே குந்தாத மனுசன், செத்தப்புறம் குந்த வைக்க அவன் யாரு? ஒட்டு வாணாம். என்ன மட்டும் தனியா எடு, அவரு படத்த தனியா மாட்டு. பக்கத்துல வெத்து எடம் உட்டியோ, நான் எந்திரிச்சிப் பூடுவேன்."

அந்த வெற்று இடத்தைப் பார்த்துப் பார்த்து அவள் நொந்துபோயிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அப்பா போனதிலிருந்து அவள் எந்தப் படத்துக்கும் நின்றதில்லை, இதற்கு ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். அதனால் நெருக்கமாக, முகமும் தோளும் மட்டும் விழுவதுபோல எடுத்துவிட வேண்டும் என்று ஐம்பதை மாட்டினேன். மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான்.

அன்று என்னோடு வேலை பார்க்கும் ஜரீனா சாப்பிட வந்திருந்தாள், கரையான்சாவடிக்காரி. சமையலறை வாசலில் நின்றுகொண்டு அம்மாவைச் சிரிக்கவைக்கிற வேலையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி இன்னாத்துக்கு குனிஞ்சிகினு கீறீங்க? மூஞ்சிய தூக்குங்க."

"அடி போடி, இவ ஒருத்தி."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் வெறும் சுவர், அதில் அப்பா சட்டை மாட்டுகிற ஆணி. கேமரா ஜன்னலில் கண்ணை வைத்தேன். வெள்ளைச் சட்டத்துக்குள் அம்மாவின் முகமும் தோளும் சரியாக அடங்கியிருந்தன, பீரோவும் ஆணியும் கோட்டுக்கு வெளியே. ஜரீனா ஏதோ சொல்ல அம்மா சிரித்துவிட்டாள், நான் பட்டனில் விரலை வைத்தேன், அப்போதுதான் அந்தச் சட்டம் விரிந்தது.

மெதுவாக எல்லாம் இல்லை, யாரோ லீவரைத் தள்ளினால் எப்படி டக்கென்று விரியுமோ அப்படி. பீரோ கோட்டுக்குள் வந்தது, ஆணி வந்தது, அம்மாவின் பக்கத்து இடம் முழுக்க உள்ளே வந்தது. என் வலது கை மேலே பட்டனில், இடது கை லென்ஸுக்கு அடியில். லீவர் பக்கத்தில் என் விரல் எதுவுமே இல்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது, கோடு எப்படிப் போனால் என்ன, லென்ஸ் ஐம்பதுதானே, அம்மா மட்டும்தானே விழப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே அழுத்திவிட்டேன். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தபோது சட்டம் பழையபடி சின்னதாக இருந்தது. லீவரைத் தள்ளிப் பார்த்தேன், விறைப்பாக, ஒழுங்காகத் திரும்பி வந்தது. மிச்ச ஃபிலிமை ஜரீனாவை ஏரிக்கரையில் நிற்கவைத்து எடுத்து முடித்தேன்.

ஃபிலிம் கழுவி வந்ததும் வேலையிடத்து டீ இடைவேளையில் நானும் ஜரீனாவும் கவரைப் பிரித்தோம். ஏரிக்கரைப் படங்கள் எல்லாம் ஐம்பது எப்படிப் பார்க்குமோ அப்படியே நெருக்கமாக இருந்தன. அம்மாவின் படத்தில் மட்டும் ஒரு ஓரத்தில் பீரோ, அதை ஒட்டிச் சிரிக்கிற அம்மா, அவளுக்குப் பக்கத்தில் ஆணியோடு சேர்த்து ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம்.

"இது முப்பத்தஞ்சுடி, நீ மாத்தி மாட்டிகினு ஒளர்ற" என்றாள் ஜரீனா.

"முப்பத்தஞ்சு எங்கடி கீது?" என்று கேட்டேன். அடக்கத்துக்கு அவளும் வந்திருந்தாள். கையில் பிடித்திருந்த டீயை அவள் குடிக்கவேயில்லை.

நீங்கள் இன்னும் நம்ப வேண்டாம். பின்னால் தள்ளி நின்று எடுத்திருப்பேன் என்று சொல்லலாம், ஆனால் அந்தக் கூடத்தில் என் முதுகு ஏற்கெனவே சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. அதைவிட, அப்பாவின் முப்பத்தைந்துக்கு ஒரு ஊனம் உண்டு. என் காதுகுத்து அன்று கல்தரையில் விழுந்ததிலிருந்து அது எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் வலது மேல்மூலை மட்டும் தண்ணீருக்குள் பார்ப்பதுபோலக் கலங்கித் தெரியும். ஐம்பதில் அது கிடையாது. ஏரிக்கரைப் படங்களின் நான்கு மூலைகளும் துல்லியமாக இருந்தன. அம்மாவின் படத்தை வேலையிடத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். வலது மேல்மூலை கலங்கியிருந்தது. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் தலை வருகிற இடம் அது.

பயந்துகொண்டேதான் அம்மாவிடம் காட்டினேன், வெற்று இடத்தைப் பார்த்துத் திட்டப்போகிறாள் என்று. வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். கூட வந்திருந்த ஜரீனா, "இப்ப எடம் கீதே அம்மா, கடைல குட்த்தா அப்பாவ அங்க வச்சிடுவாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

"யாரும் கை வைக்காதீங்க" என்றாள் அம்மா. "அது இன்னா காலியாவா கீது?"

படம் அப்படியேதான் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் அப்பா எங்கே என்று கேட்டால் அம்மா சிரித்துக்கொள்வாள். கேமராவை ரிப்பேர்காரர் ஒருவரிடம் காட்டினேன், ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுகிற அளவுக்கு இடம் விட்டு. "இன்னொண்ணு எடேன்டி" என்கிறாள். ஃபிலிம் இல்லை, வெளிச்சம் போதவில்லை என்று நானும் எதையாவது சொல்லித் தள்ளிப்போடுகிறேன். ஃபிலிம் இருக்கிறது. அந்த ஜன்னலில் கண்ணை வைக்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. கோடு மறுபடி விரிந்துவிடுமோ என்ற பயம் இல்லை. விரியாமல் போய்விட்டால், எதிரே இடம் விட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.