இரண்டு தலையணை

கடலூர் ஜவுளிக்கடையில் வருஷக்கணக்காக நின்றபடியே புடவை விரித்துக் காட்டியதில், தையல்நாயகிக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலநீலமாகப் புடைத்துவிட்டது. கடையில் உட்கார்ந்தால் முதலாளி முறைப்பார். வீட்டில் காலை நீட்டினால் மாமனார் ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமுவார். அவள் சட்டென்று மடக்கிக்கொள்வாள்.

2011-இல் சிதம்பரத்தில் லேசர் வைத்து அந்த நரம்பைச் சுட்டு அடைத்தார்கள். மறுநாளே நடந்தாள். படுக்கும்போது காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வைக்கச் சொன்னார் டாக்டர். கூடத்தில் அப்படிப் படுத்திருந்தவள், மாமனாரைக் கண்டதும் பதறி எழப் போனாள்.

"எறக்காதம்மா. டாக்டர் சொல்லியிருக்காருல்ல" என்று அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் பேச்சு அவருக்கு வேதவாக்கு.

மூன்றாம் மாதம், "எல்லாம் சரியாயிடுச்சி. இனிமே தலையணை தேவையில்ல" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமனார் கேட்டார்: "என்னம்மா சொன்னாரு?"

"நல்லா ஆறிடுச்சாம் மாமா."

"தலையணை?"

தையல்நாயகி ஒரு கணம் யோசித்தாள். "அது ஆயுசுக்கும் வைக்கணுமாம்."

"அப்ப இது தாங்காது, அமுங்கிப் போச்சி" என்றவர், மறுநாளே இலவம்பஞ்சில் புதுசாக இரண்டு வாங்கி வந்து அவள் கால்மாட்டில் வைத்தார்.