மூன்றாவது கட்-அவுட் பெட்டி

அந்தத் தெருவில் அவருக்கு டைனமோக்காரம்மா என்றுதான் பெயர். பழைய டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லை என்றால், டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு புது வகை ஆல்டர்னேட்டர் மாட்டு என்பார்கள் மற்ற மெக்கானிக்குகள். இவர் அதற்கு அசைந்து கொடுக்க மாட்டார். கல்யாணமான புதிதில் கணவரின் பட்டறையில் பல்பும் ஒயரும் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தவர். கழித்துப் போட்ட டைனமோ ஒன்றை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, உள்ளே இருப்பதை நோட்டில் வரைந்து வரைந்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கணவர் அதிகம் பேச மாட்டார். அவர் பங்குக்கும் சேர்த்து இவரே பேசிவிடுவார்.

"டைனமோ, பெட்டி, ஒயர், மூணையும் தனித்தனியா விசாரிக்கணும். ஒண்ணா நிக்க வெச்சா ஒண்ணு மேல ஒண்ணு பழி போடும்" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு நாத்தனார் வீட்டு டிராக்டர் தண்ணி காட்டியது.

டைனமோவின் மின்சாரத்தைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் கட்-அவுட் பெட்டி, போன வாரம் கருகிப்போனது. இவர் போய் வேறொன்று மாட்டினார். எஞ்சினைக் கிளப்பியதும் அதுவும் படபடவென்று பொறி கக்கிவிட்டுப் படுத்தது. மூன்றாவது பெட்டி இன்று கையில் இருக்கிறது. இந்த மாடலுக்கு அவரிடம் இருந்த கடைசிப் பெட்டி அதுதான்.

"இதுவும் போச்சுன்னா ஆல்டர்னேட்டர்தான் அண்ணி" என்றாள் நாத்தனார். "முனைக்கடை மெக்கானிக் நாளைக்கே வந்து மாட்டுறேங்கிறார்."

"அவர் மாட்டட்டும். நானும் பட்டறை போர்டைக் கழட்டி அவர்கிட்டயே குடுத்துடறேன். டைனமோன்னு பெரிசா எழுதியிருக்கு, அழிச்சுட்டு எழுதிக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்க மாட்டார் என்பது நாத்தனாருக்குத் தெரியும்.

கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், தொய்வு இல்லை. டைனமோவின் ஒயர்களைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்து, மீட்டரை வைத்து எஞ்சினை ஓட்டினார். வேகம் ஏற ஏற மீட்டர் முள்ளும் ஏறியது. எஞ்சினை நிறுத்தி, ஒயர்களைத் திரும்ப மாட்டினார். பேட்டரியில் ஒரு பல்பை வைத்துப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. போன வாரமும் இதே பரிசோதனைகள், இதே பதில்கள்.

பெட்டியை மாட்டக் குனிந்தார். கொட்டகைக்குள் இருட்டாக இருந்ததால், "அந்த முன் லைட்டைப் போடும்மா" என்றார்.

நாத்தனார் போட்டாள். நிமிர்ந்த டைனமோக்காரம்மாவின் கண், சார்ஜ் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் அம்மீட்டரில் விழுந்தது. எஞ்சின் ஓடவில்லை, விளக்கு பேட்டரியைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. முள்ளோ சார்ஜ் ஏறும் பக்கம் சாய்ந்து நின்றது.

பெட்டியைக் கீழே வைத்தார்.

"பேட்டரி புதுசா?"

"ஆமா, பத்து நாளாச்சு. எங்க வீட்டுக்காரர்தான் மாட்டினார்."

கூப்பிட்டதும் நாத்தனாரின் கணவர் வந்தார். "பழைய பேட்டரில ஒயர் மாட்டுற கம்பம் ரெண்டும் வேற மாதிரி இருந்துச்சுக்கா. இதுல இடம் மாறியிருக்கு. எந்த ஒயர் எதுக்கு எட்டுச்சோ அதுல மாட்டினேன். வண்டியும் ஸ்டார்ட் ஆச்சே."

"ஆகத்தான் செய்யும். ஸ்டார்ட்டருக்கும் பல்புக்கும் பிளஸ் மைனஸ் பேதம் கிடையாது."

அந்தக் காலத்து டிராக்டரில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். நாத்தனாரின் கணவர் மாட்டியதில் மைனஸ் சேர்ந்துவிட்டது. டைனமோ பழைய வழக்கப்படி தள்ள, பேட்டரி எதிர்ப்பக்கம் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டி கருகியது.

"அப்ப எல்லாம் இவரால வந்ததா?" நாத்தனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கணவரை ஒரு பிடி பிடிக்க இடுப்பில் கை வைத்தாள்.

 டைனமோக்காரம்மா அதை அப்படியே விட்டிருக்கலாம்.

"முதல் பெட்டி அவரால. ரெண்டாவது என்னால" என்றார். "இருபது வருஷமா இடது பக்கம், பாடிக்குப் போற எர்த் ஒயர் இருந்தா அது பிளஸ்னு முடிவு பண்ணிடுவேன். பேட்டரி மேல போட்டிருக்கிற குறியைப் படிச்சதே இல்ல. முதல் நாளே படிச்சிருந்தா ஒரு பெட்டி மிஞ்சியிருக்கும்."

ஒயர்கள் குட்டை, பேட்டரியைத் திருப்பி வைத்தாலும் எட்டாது. அதனால் டைனமோவின் பிளஸ் மைனஸையே மாற்றினார். டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் ஃபீல்டு முனையின் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் பிளஸ் கம்பத்திலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுவந்து, அந்த முனையில் இரண்டு தடவை தொட்டு எடுத்தார். அதிலேயே உள்ளே இருக்கும் காந்தம் திசை மாறிக்கொள்ளும். அம்மீட்டரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினார். ஃபீல்டு ஒயரையும் பெட்டியையும் மாட்டினார். பிறகு பேட்டரிக்கு முன் குனிந்து, விரலால் துடைத்துக் குறியை வாய்விட்டுப் படித்தார். இரண்டு தடவை.

எஞ்சின் கிளம்பியது. பெட்டி ஒரே ஒரு முறை 'டக்' என்றது. பொறி இல்லை. முள் மெல்ல சார்ஜ் பக்கம் போய் நின்றது.

"முனைக்கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடவா அண்ணி?"

"வரட்டும். இது இனிமே மைனஸ் எர்த் வண்டின்னு அவருக்கும் தெரியணும்ல. நானே சொல்றேன், பெட்டி கருகின கதையோட சேர்த்து."