மூன்று பெயரும் ஒரு வாடகை வீடும்

இன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மொழிபெயர்க்க வோன்கெல்ட் கந்தோருக்குப் போனேன். வோன்கெல்ட் என்றால், வாடகைக்கு ஜேர்மன் அரசாங்கம் தரும் உதவிப்பணம். தொழிற்சாலையில் அப்பாவின் வேலை நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். இது கிடைக்காவிட்டால் வீட்டை விடவேண்டியதுதான்.

அங்கிருந்த அதிகாரி அம்மணி எங்கள் கடவுச்சீட்டுகளைப் புரட்டினார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் எனக்கு அப்பாவின் பெயர், அப்பாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர், அம்மாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர். யாழ்ப்பாணத்தில் அதுதானே வழக்கம்!

“மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். நீங்கள் உண்மையில் ஒரே குடும்பமா, வீட்டைப் பங்குபோட்டு இருப்பவர்களா?”

எனக்குக் கொதித்தது. அப்படியே மொழிபெயர்த்தேன்.

“அம்மா, நீங்கள் என்ரை அம்மா இல்லையாம். இனி என்னைக் கோப்பை கழுவச் சொல்ல ஏலாது.”

“வாயைப் பொத்தடா மூதேவி! இஞ்சை வந்தும் உனக்குப் பகிடியோ?” நறுக்கென்று ஒரு குட்டும் விழுந்தது.

“என்ன சொல்கிறார்?” என்றார் அம்மணி.

“தாய்தான் என்று நிரூபிக்கிறார்.”

அவர் சிரிக்கவில்லை. கல்யாணப் பத்திரமும் என் பிறப்புப் பத்திரமும் வேண்டுமாம்.

“ஓம், கொண்டு வாறம் எண்டு சொல்லு” என்று அப்பா பணிவாகத் தலையாட்டினார்.

இரண்டும் ஊரில் வீட்டோடு எரிந்துபோனவை. அது தெரிந்தும் அப்பா தலையாட்டினாரே, அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் வீட்டில் எத்தனை குடும்பப் பெயர்கள்? கீழே எழுதுங்கள். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போவோம். வரிசையைப் பார்த்து, அந்த அம்மணியே தன் பெயரை மாற்றிக்கொண்டு ஓடட்டும்.