ஓட்டை விழாத எருக்கு

திருப்பூர் அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் டேபிளில் பதினெட்டு வருஷம் நின்றவள் மயிலாள். துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது வேலை. அவள் கண்ணை நம்பித்தான் கடல் தாண்டி எத்தனையோ பேர் மானத்தோடு நடமாடினார்கள். அவர்களுக்கு அது தெரியாது. கண்ணில் நீர் வடிந்து பார்வை மங்கத் தொடங்கியதும் கம்பெனி அவளையே ஒதுக்கிவிட்டது. அதற்கு ஸ்டிக்கர் எதுவும் ஒட்டவில்லை.

பிறகு பக்கத்து அரசுப் பள்ளியில் கூட்டவும் கழுவவும் சேர்ந்தாள். அங்கேதான் தோட்டம் வந்தது.

தோட்டம் போடச் சொன்னவர் பையர். அதாவது, அவளை ஒதுக்கிய அதே கம்பெனியின் முதலாளி ரித்தீஷிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர். அவர் நாட்டில் மொனார்க் என்றொரு வண்ணத்துப்பூச்சி அருகிவருகிறதாம். பள்ளிப் பிள்ளைகள் தோட்டம் போட்டு அதைக் காப்பாற்றுகிறார்களாம். உங்கள் ஊரிலும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்றார். பையர் ஆசைப்பட்டால் திருப்பூரில் மழைகூட நேரத்துக்குப் பெய்யும். மொனார்க் இந்தப் பக்கம் வராது, அதன் பங்காளி வெந்தய வரியன் வரும் என்று தலைமையாசிரியை இந்துமதி படித்துக் கண்டுபிடித்தார். அது முட்டையிடுவது எருக்கஞ்செடியில். குடியிருக்கிற இடத்தில் எருக்கு முளைக்க என்று சாபம் விடுகிற ஊரில், எருக்கு நட்டு, வேலி கட்டி, ரித்தீஷ் கையால் ரிப்பனும் வெட்டினார்கள்.

யாரும் சொல்லாமலே மயிலாள் தண்ணீர் ஊற்றினாள். ஐந்தாம் வகுப்புப் பூங்குழலி ஒருநாள் மற்ற பிள்ளைகளிடம், "இது நம்ம மயிலாக்கா தோட்டம்" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைப் புருஷனிடம் இரண்டு தடவை சொன்னாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு பனியனைக்கூட யாரும் மயிலாள் பனியன் என்று சொன்னதில்லை. அந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

பூச்சி வந்தது, முட்டை வைத்தது. வியாழக்கிழமை வகுப்பில் இந்துமதி டீச்சர் படம் போட்டு விளக்கினார்: முட்டை புழுவாகும், புழு கூடாகும், கூடு பட்டாம்பூச்சியாகும். பிள்ளைகளுக்குப் புரிந்தது. ரித்தீஷுக்கு வாட்ஸப்பில் போனது. பையருக்காக ஆங்கிலத்தில் ஒரு போர்டும் வைத்தார்கள். இவ்வளவு பேருக்கும் சேதி போன அந்த நேரத்தில் மயிலாள் கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தாள். பூவில் தேன் குடிக்கப் பூச்சி வரும், அதற்குத்தான் தோட்டம் என்பது அவள் கணக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர், "திங்கக்கிழமை பையர் வர்றாருங்க மயிலாள். தோட்டத்தைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனாலும் வந்தாள். இலையெல்லாம் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட புழுக்கள், கூச்சமில்லாமல் மென்றுகொண்டிருந்தன. நாளைக்குப் பையர் வருகிறார், இன்றைக்கு ஓட்டை! அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை, கை யோசித்தது. இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை விழுந்ததையெல்லாம் புழுவோடு கிள்ளிக் குப்பையில் போட்டுத் தீ வைத்தாள். மிஞ்சிய இலைகளை ஈரப் பனியன் வேஸ்ட் துணியால் முன்னும் பின்னும் துடைத்தாள். முட்டைகளும் போயின. எருக்கு மினுமினுத்தது.

திங்கள் காலை பிள்ளைகள் பையைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்கு ஓடினார்கள்.

"மயிலாக்கா, புழுவெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டாள் பூங்குழலி.

"அதையேன் கேக்கற கண்ணு! மொய்யு மொய்யுனு இருந்துச்சு. எல்லாத்தையும் பொறுக்கி எரிச்சுப்போட்டேன். இப்பப் பாரு, ஒரு ஓட்டை இருந்தா என்னையக் கேளு."

பூங்குழலி குப்பையில் கிடந்த சாம்பலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கவின்தான் சொன்னான். "அதுதானுங்க்கா பட்டாம்பூச்சி."

"எதுடா?"

"நீங்க எரிச்சதுங்க."

மயிலாள் சிரித்தாள், விளையாடுகிறான் என்று. பூங்குழலியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

பத்து மணிக்குப் பையர் வந்தார். இவ்வளவு சுத்தமான தோட்டத்தைத் தம் நாட்டில்கூடப் பார்த்ததில்லை என்று மெச்சினார். அது உண்மையாகத்தான் இருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பூச்சி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

கார்கள் போன பிறகு மயிலாள் டீச்சர் அறை வாசலில் போய் நின்றாள்.

"டீச்சர், புழுவை எரிச்சது நாந்தானுங்க."

"தெரியுமுங்க. பசங்க சொன்னாங்க. விடுங்க, யாரும் கவனிக்கலை."

"இல்லீங்க டீச்சர், எனக்கு அது தெரியாதுங்க..."

"அட, போட்டோ எல்லாம் நல்லாத்தான் வந்திருக்குது. நீங்க போயி டீ குடிங்க."

கம்பெனியில் ஒரு டேமேஜ் பீஸ் தப்பினால் சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கத்துவார். ஹாலே திரும்பிப் பார்க்கும். அவமானம்தான். ஆனால் பீஸ் யாருடையது என்பதில் அங்கே சந்தேகம் இருக்காது. இங்கே ஒருவர் திட்ட வேண்டுமே! மயிலாள் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். டீச்சர் போனில் இருந்தார்.

பத்து நாளில் வெந்தய வரியன் மறுபடியும் வந்தது. அதற்குக் கோபம் கிடையாது. முட்டையும் வைத்தது. மறுநாள் காலை மயிலாள் குடத்தோடு போனபோது வேலிக் கதவருகில் பூங்குழலி நின்றிருந்தாள்.

"குடுங்க்கா, நாங்களே ஊத்திக்கறோமுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

நம் கொங்குப் பக்கத்து மரியாதை ஊரறிந்தது. இவ்வளவு மரியாதையாக அந்தப் பிள்ளை அவளிடம் அதுவரை பேசியதில்லை. மயிலாள் குடத்தைக் கொடுத்தாள்.

பிறகு ஒரு காலையில் கூடு வெடித்து முதல் பூச்சி வெளியே வந்தது. பள்ளியே வேலியைச் சுற்றி நின்றது. கவின் ஓடிவந்து, கழிப்பறை வாசலில் நின்று கூப்பிட்டான்.

"மயிலாக்கா, வாங்க, பறக்கப்போகுதுங்க!"

அவள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்து, கையைச் சேலையில் துடைத்து, நாலு எட்டு நடந்தாள். வேலியோரம் நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, செடிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நின்றுகொண்டார்கள்.

"நீ போயிப் பாரு சாமி," என்றாள். "எனக்கு இங்கிருந்தே தெரியுதுடா."

அந்தக் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியாது.